வீட்டுத் துணியும் வெயிட்டிங் லிஸ்ட்டும்

பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். தனியாளாக மடித்தால் ஒரு மூலை தரையில் இழுபடும், இல்லையென்றால் நடுவில் தொப்பை போடும். ஓட்டல்காரன் அப்படியே கட்டித் திருப்பி அனுப்பிவிடுவான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் சலவைக்கடையின் பின்கட்டில் பெரியவளும் சின்னவளும் தினமும் எதிரெதிரே நின்றார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற கடை. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு உதறி, விறைப்பாக இழுத்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்பார்கள். அப்போது விரலோடு விரல் படும். பட்டதும் நெருப்பைத் தொட்ட மாதிரி இரண்டு பேரும் கையை எடுத்துக்கொள்வார்கள்.

எதற்காகச் சண்டை என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. கடைக்கு மேலேயே வீடு, வீட்டுக்கு ஒரே அடுப்படி. ஒருத்தி வைத்த பாத்திரம் இன்னொருத்திக்கு இடைஞ்சல். போதாக்குறைக்குப் பிள்ளைகளும் ஒரே வருஷத்தில் பிறந்து தொலைத்தன. பெரியவள் மகள் பொடிசு, வாய் ஓயாத பெண். சின்னவள் மகளை எல்லோரும் ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டால் கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒன்று நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து மற்றது எப்போது நடக்கும் என்று பார்த்துக்கொண்டே வளர்த்த பிள்ளைகள்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. எவன் துணியாக இருந்தாலும் மெஷினில் போடுமுன் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தாக வேண்டும். பேனா, சாவி, மாத்திரை, ஒரு தடவை ஒருத்தனுடைய கட்டுப்பல், எல்லாம் எடுத்துத் தனித்தனியாகக் கட்டிப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் பெரியவளை அசைக்க முடியாது. வேலைக்கு வரும் பெண்கள் ஒரு பாக்கெட்டை விட்டுவிட்டாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். ஆனால் வீட்டுத் துணி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்த மரியாதை ஏது? ஊரார் துணியெல்லாம் முடிந்து, மிச்சமிருக்கிற வெந்நீரை வீணாக்க வேண்டாமென்று கடைசியாக அள்ளிப் போடுவது வீட்டுத் துணி. அதை யாரும் தடவிப் பார்த்ததில்லை.

அப்படித்தான் போன மழைக்காலத்தில் ஒரு நாள் வீட்டுத் துணி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. கறுப்புக் கால்சட்டை, நீலச் சட்டை, பிள்ளைகளின் சீருடை, எல்லாவற்றிலும் உமியைத் தூவின மாதிரி. பெரியவள் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். சின்னவள் மூக்கைத் துடைத்த காகிதத்தைப் பையில் போட்டு அப்படியே துவைக்கப் போட்டிருக்கிறாள் என்றாள். இஸ்திரிக்காரர் இருந்தார், வேலைக்கு வரும் பெண்கள் இருந்தார்கள், துணி வாங்க வந்த ஆள்கூட ஒருத்தர் நின்றார். அத்தனை பேர் முன்னாலும், சொந்தப் பாக்கெட்டைப் பார்க்கத் தெரியாதவளெல்லாம் சலவைக்கடையில் வாக்கப்பட்டு என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டாள். சின்னவள் நேரே போய் மெஷினின் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் பண்ணினாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு துகளாகப் பொறுக்கினாள். பெரியவளுக்கு அன்றைக்குச் சோறு இரண்டு வாய் கூடவே இறங்கியது.

பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளி அந்த வருஷத்தோடு முடிகிறது, அந்தச் சமயம்தான் பொடிசுக்குப் பெரிய பள்ளிக்கூடத்து விண்ணப்பம் போட்டது. மேட்டுத் தெருவில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதி மார்க் வாங்கினவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். அங்கே படித்த பிள்ளைகள் பாதிப் பேர் டாக்டரும் வக்கீலுமாக, இந்தக் கடைக்கே கோட்டும் சூட்டும் வெளுக்கக் கொடுக்கிறார்கள். நம் பெண்ணுடைய கோட்டு ஒருநாள் இந்த மேஜைமேல் கிடக்க வேண்டும் என்பது பெரியவளின் ஆசை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரியும்.

விண்ணப்பத்தை நிரப்பி, உறையில் போட்டு, புருஷன் கையில் கொடுத்து, போகிற வழியில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கொடுத்துவிட்டேன் என்றான். அவன் பேச்சுக் குறைந்த மனுஷன். பெரியவளைக் கட்டிக்கொண்டு வேறெப்படி இருக்க முடியும்? பரீட்சைக்குக் கூப்பிட்ட நாளில் பெரிய கூடத்தில் கூட்டமே இல்லை, ஒரு சின்ன அறையில் நாலைந்து பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்தார்கள். கேட்டதற்கு, கூட்டம் அதிகம், பிரித்துப் பிரித்து வைக்கிறார்கள் என்றான். நம்பினாள். பள்ளிக்கூடத்துக் கடிதமெல்லாம் அவன் பெயருக்கே வரும். அவனே படித்துச் சொல்வான்.

பொடிசு தேறிவிட்டாள். ஆனால் இடம் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட் என்றார்கள்.

அதிலிருந்து பெரியவள் வாரம் தவறாமல் பள்ளிக்கூடத்து ஆபீஸ் ஜன்னலுக்குப் போய் நின்றாள். உள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா அம்மாள். இத்தனாவது என்று சொல்வாள், அவ்வளவுதான். யாரோ வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள், யாரோ வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், பொடிசின் எண் மெல்ல மெல்ல ஏறி வந்தது. வீடு திரும்பினதும் பொடிசு மாடிப்படியில் நின்று கேட்பாள்: "அம்மா, நான் இப்ப எத்தனாவது?" அந்தப் பதிலைப் பெரியவள் தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்வாள். அடுப்படியில் இருக்கிறவளுக்குக் கேட்க வேண்டாமா?

கடைசியில் முதல் எண்ணுக்கே வந்துவிட்டாள். இனி ஒரே ஓர் இடம் காலியானால் போதும்.

அன்றைக்கு பெட்ஷீட் மடிக்கும்போது சின்னவள், யாரிடமோ சொல்கிற மாதிரி, சுவரைப் பார்த்துச் சொன்னாளாம்: வெளியே நிற்கிறவர்களில் முதல் ஆள் என்றாலும் நிற்பது வெளியேதானே, என் பெண்ணுக்கு மூலைப் பள்ளிக்கூடம் போதும், அங்கே உட்காரவாவது இடம் இருக்கிறது. பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மூலைப் பள்ளிக்கூடம் என்பது தெருக்கோடியில் இருக்கிற சாதாரணப் பள்ளிக்கூடம். இரண்டு பெண்களுக்குமே அங்கே இடம் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் ஜன்னலில் நின்றபோது யாரோ ஒருத்தர் புது விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனார். கடைசித் தேதி எப்போதோ முடிந்துவிட்டதே என்று பெரியவள் கேட்டாள். லேட்டாக வந்தாலும் வாங்கிக்கொள்வோம், பரீட்சை வைப்போம், தேறினால் லிஸ்ட்டில் சேர்ப்போம் என்றாள் குமாஸ்தா.

"லேட்டா வந்தவங்க, நேரத்துக்குக் குடுத்தவங்களுக்குப் பின்னாடிதானே?"

"ஆமாம்மா. பின்னாடிதான்."

அந்த ஒரு வார்த்தையில் பெரியவளுக்கு ஒரு யோசனை பிறந்தது பாருங்கள், அதை யோசனை என்று சொல்வதா, வயிற்றெரிச்சல் என்று சொல்வதா. ஒரு விண்ணப்பம் கேட்டு வாங்கினாள். ஊமைச்சி எழுதட்டும். தேறவில்லையென்றால் சின்னவளுக்கு மூக்குடைந்தது. தேறினாலும் பொடிசுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இன்னும் நல்லது, தினம் தினம் நிற்கட்டும். வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று அவளும் பார்க்கட்டும்.

கடைக்கு வந்து, ஷீட்டை மடித்து முடித்த கையோடு, முகத்தில் ஒரு பவுன் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நீட்டினாள்.

"உனக்கும் ஒரு ஃபாரம் வாங்கிட்டு வந்தேன். லேட்டானாலும் வாங்கிக்கிறாங்களாம். சும்மா போட்டு வை, போனாப் போகுது."

சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அந்த மேஜைமேலேயே வைத்து நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் துணி மூட்டையோடு உள்ளே வந்தவன், அண்ணிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் பெரியவள். எங்கே நிறுத்தினாள்? மூலைப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறீர்களா இல்லையா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே பெரிய பள்ளிக்கூடத்துக்குக் காத்திருக்கலாம், அதனால் லிஸ்ட்டில் வரிசை மாறாது என்று குமாஸ்தா ஒருமுறை சொல்லியிருந்தாள்தான். ஆனால் முதல் எண்ணில் இருக்கிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? அங்கே போய், வேண்டாம், வேறு யாராவது இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்படி எழுதிக் கொடுத்ததை அடுப்படியில் ஒரு தடவை, கடையில் ஒரு தடவை, மாடிப்படியில் ஒரு தடவை சொன்னாள்.

ஊமைச்சி பரீட்சைக்குப் போய்விட்டு வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, பேனாவால் என்றாள். பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பகையும் இல்லை, அம்மாக்கள் கண்ணில் படாமல் ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த முறை ஜன்னலில் நின்று, வழக்கம் போல, முதல்தானே என்று கேட்டாள் பெரியவள். குமாஸ்தா பார்த்துவிட்டு, இரண்டாவது என்றாள்.

பெரியவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. திரும்பக் கேட்டாள். இரண்டாவதுதான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மேலே வந்திருக்கிறது. யார் என்று சொல்ல மாட்டோம் என்றாள். சொல்ல வேண்டுமா என்ன?

பெரியவள் நேரே கடைக்கு வந்து, புருஷனை மெஷின் பக்கத்திலிருந்து அப்படியே இழுத்துக்கொண்டு திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வழியெல்லாம் அநியாயம், அக்கிரமம், நேற்று வந்தவள் முந்தாநாள் வந்தவளைத் தாண்டி நிற்பதா, இதைச் சும்மா விடுவேனா என்று ஒரே ஆர்ப்பாட்டம். அவன் பின்னாலேயே நடந்தான், வாயில் ஈரம் இல்லாத மாதிரி உதட்டை நக்கிக்கொண்டு. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான்.

ஜன்னலில் பெரியவள் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். குமாஸ்தா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"இது பஸ்ஸுக்கு நிக்கிற க்யூ இல்லம்மா. முன்னாடி வந்தவங்க முன்னாடி, பின்னாடி வந்தவங்க பின்னாடின்னு வைக்கிறதில்ல. ஒவ்வொரு பிள்ளை சேரும்போதும் மார்க்கை வச்சு லிஸ்ட்டைத் திரும்ப அடுக்குவோம். மேலயும் போகும், கீழயும் வரும்."

"லேட்டா வந்தவங்க பின்னாடின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நேரத்துக்குக் குடுத்தவங்க எல்லாருக்கும் அப்புறம்தான் லேட்டா குடுத்தவங்க. நேரத்துக்குக் குடுத்தவங்க எல்லாரும் முடிஞ்சாச்சு. இப்ப லிஸ்ட்டுல இருக்கிறது பூரா லேட்டா வந்தவங்கதான். அதுல மார்க் கூட வாங்கினவங்க மேல."

"என் பொண்ணு நேரத்துக்குக் குடுத்தவ."

"இல்லம்மா. உங்களுதும் கடைசித் தேதி தாண்டி வந்ததுதான். அதனாலதான் தனியா பரீட்சை வச்சோம். உங்க வீட்டுக்காரர்தானே கொண்டு வந்து குடுத்தார்? கடிதத்துலயும் எழுதியிருந்தோமே."

பெரியவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

தெருவில் இறங்கினதும் அவனாகவே சொல்லிவிட்டான். உறையைச் சட்டைப் பையில்தான் வைத்தான். அன்றைக்கு மெஷின் பெல்ட் அறுந்து போயிற்று, மறுநாள் ஆஸ்பத்திரித் துணி வந்தது, இப்படியே ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் போயிற்று. தள்ளிப் போனாலும் கடைசித் தேதிக்கு முன்னாலேயே கொடுத்திருப்பான். ஆனால் பெரியவள் அவன் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து வீட்டுத் துணியோடு போட்டுவிட்டாள். திரும்ப ஒரு ஃபாரம் வாங்கி, அவனே தன் கையால் நிரப்பிக் கொடுப்பதற்குள் தேதி தாண்டிவிட்டது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன நடந்திருக்கும்?"

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கே தெரியும். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அந்த வெள்ளைத் துகள் ஞாபகத்துக்கு வந்தது. கறுப்புக் கால்சட்டையில், நீலச் சட்டையில், சீருடையில் ஒட்டியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்து பொறுக்கினவளும் ஞாபகத்துக்கு வந்தாள். ஊரார் பாக்கெட்டையெல்லாம் தடவித் தடவிப் பார்த்த கை, புருஷன் சட்டையைச் சும்மா சுருட்டிப் போட்டிருக்கிறது. யாரைப் போய் அடிப்பது?

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போக, அந்த ஓர் இடம் காலியானது. ஊமைச்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள். சின்னவள் துள்ளவும் இல்லை, குதிக்கவும் இல்லை, மறுநாளும் சரியான நேரத்துக்கு வந்து ஷீட்டின் இரண்டு மூலையைப் பிடித்தாள். அதுதான் பெரியவளுக்கு இன்னும் தாங்கவில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடங்கள் எல்லாம் திறந்தாயிற்று. காலையில் கடை வாசல் வழியே பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கரும்பச்சைச் சீருடையில் ஊமைச்சியும் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. பொடிசு பின்கட்டில் மூட்டைமேல் உட்கார்ந்து தலையணை உறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டே சேர்த்தாள். அடுத்த நாள் பாட்டு இல்லை. அதற்கடுத்த நாள், வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி, இவளும் இனிமேல் நம்மோடுதானா என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தாள்.

பொடிசு தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அம்மா, நான் இப்ப எத்தனாவது?"

முதலாவது என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஊமைச்சி உள்ளே போனதும் பொடிசு மறுபடியும் முதலுக்கு வந்துவிட்டாள். லிஸ்ட்டை இன்னும் சில மாதம் வைத்திருப்பார்கள். ஆனால் திறந்த பள்ளிக்கூடத்திலிருந்து யார் எழுந்து போவார்கள்? நாளைக்கே இன்னொரு ஊமைச்சி வந்து மேலே ஏற மாட்டாள் என்று என்ன நிச்சயம்? பெரியவள் குனிந்து மகளோடு சேர்ந்து உறைகளை ஜோடி சேர்த்தாள்.

மத்தியானம் ஓட்டல் துணி வந்து இறங்கியது. ட்ரையரிலிருந்து எடுத்த ஷீட்டெல்லாம் கை பொசுக்கும் சூடு. வெளியில் வேறு புழுக்கம், பின்கட்டில் மூச்சு முட்டியது. இஸ்திரிக்காரர் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார், பெண்கள் துண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெரியவளும் சின்னவளும் உதறினார்கள், இழுத்தார்கள், நடந்து வந்தார்கள். மூலையோடு மூலை சேரும்போது பெரியவள் கையை எடுக்கவில்லை.

"ஊமைச்சி அங்க சேந்துட்டா. அப்ப மூலைப் பள்ளிக்கூடத்துல அவ இடம் சும்மாதானே இருக்கு?"

சின்னவள் ஷீட்டை இரண்டாக மடித்து மறுபடி இழுத்தாள்.

"பொடிசுக்கு அதைக் கேக்கலாம்னு பாக்கறேன்."

"அதை நீங்கதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்களேக்கா. இல்லாதவங்களுக்குக் குடுக்கச் சொல்லி."

"சொன்னேன். இப்ப நான்தான் இல்லாதவ. போதுமா?"

இஸ்திரிக்காரர் டீயைக் கீழே வைத்தார். சின்னவள் ஷீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அன்னைக்கு வீட்டுத் துணியில வெள்ளையா ஒட்டிச்சே, அது யார் போட்டதுன்னு இப்பத் தெரியுமா உங்களுக்கு?"

துண்டு எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். மூட்டைமேல் இருந்த பொடிசும் பார்த்தாள். பெரியவள் சுற்றிலும் பார்த்தாள், அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். துணி வாங்க வந்தவன் ஒருத்தன் மட்டும்தான் குறை.

"நான்தான்," என்றாள். "அவர் சட்டையைப் பாக்காமப் போட்டேன். உன்மேல பழி சொன்னேன்."

"எனக்கு அன்னைக்கே தெரியும். வடிகட்டியில பள்ளிக்கூடத்து முத்திரை போட்ட துண்டு ஒண்ணு கிடைச்சுது. மாமாகிட்ட காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார், சொல்லிடாதேன்னு. அதான் பேசாம பொறுக்கினேன்."

"அப்ப ஃபாரம் குடுத்தேனே…"

"எதுக்குக் குடுத்தீங்கன்னு உங்க சிரிப்புலயே தெரிஞ்சுது. உங்களுதும் லேட்டுன்னு அப்புறம் மாமாவே சொன்னார். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

பெரியவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கோபம் வந்திருந்தால் தேவலை. கோபத்துக்கு ஒரு துரும்பைக்கூடச் சின்னவள் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள், அந்த இடம் என்ன ஆயிற்று என்று.

"சீட்டு கிடைச்ச அன்னைக்கே போய் வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றாள் சின்னவள். "ரெண்டு இடத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அங்கயும் ஒரு லிஸ்ட் இருக்கு. முதல்ல இருந்த பிள்ளைக்கு மறுநாளே குடுத்துட்டாங்க."

கையிலிருந்த ஷீட்டை மேஜைமேல் போட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தன் பையைத் துழாவினாள். நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, பிரித்து, தடவிச் சரிசெய்து நீட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு ஏதும் இல்லை.

"உங்களுக்கும் ஒரு ஃபாரம் வாங்கிட்டு வந்தேன். லேட்டானாலும் வாங்கிக்கிறாங்களாம். சும்மா போட்டு வைங்க, போனாப் போகுது."

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்த மேஜைமேலேயே வைத்து நிரப்பினாள், பேனாவைச் சின்னவள்தான் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் பழக்கத்தில் மடித்து ஏப்ரன் பாக்கெட்டுக்குள் செருகப் போனவள், சட்டென்று கையை வெளியே எடுத்துக்கொண்டாள். காகிதத்தை விரித்துக் கையிலேயே பிடித்தபடி, செருப்பை மாட்டிக்கொண்டு, மூலைப் பள்ளிக்கூடம் இருக்கிற தெருக்கோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.